சோதிக்கப்படுவது யார்?
மருத்துவமனைத் தொற்றின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத நோயும் சேந்து வந்துரும்' என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். படித்தவர்களாகிய நாம் இதை அறியாமையின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனால் நவீன மருத்துவத்தின் சொந்தப் பதிவேடுகளைப் புரட்டினால், கிராமத்துக் கிழவி வாய்வார்த்தையாகச் சொன்னதே அங்கு எண்களாகக் கிடப்பதைக் காணலாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் படுக்கும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்முடையதைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும், அங்கே தங்கியிருக்கும் காலத்தில் புதிதாக ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. அப்படித் தொற்று கண்டவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கிறார். கிழவி சொன்னது தப்பில்லை.

இந்தத் தொற்றை வரையறுப்பதற்கு மருத்துவம் ஒரு கோடு போட்டிருக்கிறது. பொதுவாக, நோயாளி சேர்ந்து 48 மணி நேரம் கழிந்தபின் தலைகாட்டும் தொற்று மருத்துவமனையில் வந்ததாகக் கொள்ளப்படும். அதற்கு முன் தெரிந்தால் அது நோயாளி கொண்டு வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, தெரு, நோயாளியின் பழக்கவழக்கம். அந்தப் பக்கம் வார்டு, ஊசி, குழாய், மருத்துவரின் கை. எல்லைக்கோடு என்று ஒன்று இருந்தால் எல்லைத் தகராறும் இருக்கத்தான் செய்யும்.

இத்தொற்றுகளைக் கண்டறியும் சோதனைகள் வேண்டும் என்ற கோரிக்கை கடந்த முப்பது ஆண்டுகளாகப் பெருகி வருகிறது. நோயாளிகளின் அமைப்புகள் கேட்கின்றன. அரசுகள் சட்டம் போடுகின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன. சோதனைக் கருவி விற்கும் கம்பெனிகளின் அக்கறையைச் சொல்லவே வேண்டாம். எல்லோரும் உச்சரிப்பது ஒரே சொல்தான்: சோதனை. எல்லோரும் ஒரே பொருளில்தான் உச்சரிக்கிறார்களா என்பதே என் கேள்வி. தமிழ் படித்தவன் என்பதால் இலக்கணமாகவே கேட்டுவிடுகிறேன். சோதித்தல் என்ற வினைக்கு எழுவாய் எது, செயப்படுபொருள் எது? யார் யாரைச் சோதிக்கிறார்? மருத்துவமனைத் தொற்றின் வரலாற்றை இந்த வாக்கியத்தின் எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிய வரலாறாக வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

2

1840களின் வியன்னாவிலிருந்து தொடங்கலாம். வியன்னா பொது மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்க்க இரண்டு பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். இலவசம் என்பதற்கும் ஒரு விலை உண்டல்லவா? அந்தப் பெண்களின் உடல்கள் பாடம் நடத்தப் பயன்பட வேண்டும் என்பதே அந்த விலை. 1846இல் முதல் பிரிவில் பிரசவித்த பெண்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பிரசவ ஜுரம். பக்கத்திலேயே இருந்த இரண்டாம் பிரிவில் இறந்தது நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு.

இது பெண்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இரண்டு பிரிவுகளும் மாறி மாறி ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும். முதல் பிரிவின் நாளில் வந்து மாட்டிக்கொண்டவர்கள், இரண்டாம் பிரிவில் சேர்க்கச் சொல்லி முழங்காலிட்டுக் கெஞ்சினார்கள். வரும் வழியில், தெருவிலேயே பெற்றுவிட்டு வந்து படுத்தவர்களும் உண்டு. உள்ளே பெற்றவர்களைவிட இவர்கள் குறைவாகவே ஜுரம் கண்டார்கள். ஏழைப் பெண்களின் அறிவு, நிறுவனத்தின் அறிவைக் காட்டிலும் முந்திச் சென்ற இடம் இது. நிறுவனமோ காற்றைக் காரணம் காட்டியது. பூமியின் தன்மையைச் சொன்னது. பெண்களின் அச்சத்தையே நோய்க்குக் காரணமாக்கியது.

ஒரு விசாரணைக் குழுவும் போட்டார்கள். மாணவர்கள், குறிப்பாக வெளிநாட்டு மாணவர்கள், முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதால்தான் சாவு என்று குழு முடிவு சொன்னது. மாணவர் எண்ணிக்கை 42இலிருந்து 20ஆகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டார் ஏறக்குறைய முழுக்க விலக்கப்பட்டார்கள். கொஞ்ச காலம் சாவு குறைந்தது, பிறகு பழையபடி ஏறியது. அழுக்கு அந்நியனிடமிருந்து வருகிறது என்ற இந்தப் பதிலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 160 ஆண்டுகள் கழித்து இது வேறொரு உடையில் நம் வாசலுக்கே வந்து நின்றது.

முதல் பிரிவில் உதவியாளராக இருந்த ஹங்கேரிக்காரர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா, பிணம் அறுக்கும்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடலில் கண்டவையெல்லாம் பிரசவ ஜுரத்தில் செத்த பெண்களின் உடலில் கண்டவையாக இருந்தன. காலையில் பிணம் அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். 1847 மே நடுவில், வார்டுக்குள் நுழையுமுன் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டுமென்று விதி செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 சொச்சம், ஜூலையில் 1 சொச்சம் என்று இறங்கியது. 1848இல் இரண்டு மாதங்களில் ஒரு சாவுகூட இல்லை.

மிஷல் ஃபூக்கோ, மருத்துவ நோக்கின் பிறப்பைப் பற்றி 1963இல் எழுதிய நூலில், பிணங்களைத் திறந்து பார்த்ததன் மூலமே நவீன மருத்துவம் தன் பார்வையை அடைந்தது என்று காட்டுகிறார். வியன்னாவின் பெருமையும் பிண ஆய்வுதான். அதில் ரொகிடான்ஸ்கி ஐரோப்பாவுக்கே ஆசான். ஃபூக்கோ பார்வையைப் பற்றிப் பேசினார். வியன்னாக் கதை கையைப் பற்றியது. எந்த அறிவு மருத்துவனின் கண்ணுக்குக் கூர்மை தந்ததோ, அதே அறிவு அவன் விரலில் ஒட்டிக்கொண்டு ஏழைப் பெண்ணின் உடலுக்குள் போயிற்று.

செம்மல்வைஸ் கிருமி என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது இரண்டு பிரிவுகளின் இறப்புப் பதிவேடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார், அவ்வளவே. மருத்துவமனைத் தொற்றுக்கான முதல் பெரிய சோதனைகளில் ஒன்று இப்படித்தான் நடந்தது. அதில் செயப்படுபொருளாக இருந்தது நோயாளியின் உடல் அல்ல, நிறுவனம். அதனால்தான் அவருக்கு அங்கே இடமில்லாமல் போனது. 1849இல் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1861இல் புத்தகம் எழுதினார். 1865இல் மனநோய் விடுதியில் இறந்தார். அவருடைய முறையை ஏற்றுக்கொண்ட கீல் நகரத்து மைக்கேலிஸ், தன் கையே தன் உறவுக்காரப் பெண்ணைக் கொன்றிருக்கும் என்ற எண்ணத்தைத் தாங்கமுடியாமல் 1848இல் தற்கொலை செய்துகொண்டார். நிறுவனத்தைச் சோதிப்பது என்பது எத்தனை கொடுமையான அறிவு என்பதற்கு அவர் சாவு சாட்சி.

3

இதைத் தனிமனித மேதைமையின் கதையாகச் சொல்வது வசதியானது. உண்மையில் அது ஒரு மரபு. 1795இல் அபர்டீன் நகரத்து அலெக்சாண்டர் கார்டன், பிரசவ ஜுரம் கண்ட 77 பெண்களின் பட்டியலைப் போட்டு, ஒவ்வொருத்திக்கும் பிரசவம் பார்த்தவர் யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதினார். தானும் நோயைக் கொண்டுபோனவன் என்று ஒத்துக்கொண்டார். ஊர் அவரை விட்டுவைக்குமா? கப்பற்படை வேலைக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843இல் இதையே சொன்னபோது, மருத்துவர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமானது என்கிற ரீதியில் மறுப்பு வந்தது. இங்கே வர்க்கம் வாய்விட்டே பேசிவிட்டது. சுத்தம் என்பது பிறப்பாலும் அந்தஸ்தாலும் வருவது, கழுவுவதால் வருவதல்ல என்று நம்புகிற சமூகத்தில் வாழும் நமக்கு இது புரியாத தர்க்கமா என்ன?

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் நீண்ட காலம் கிருமித் தொற்றை நம்பாதவர். ஆனால் கணக்கை நம்பினார். மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரியான படிவத்தில் சாவையும் நோயையும் பதிய வேண்டும் என்று 1860இல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்குத் திட்டம் கொடுத்தார். வீட்டில் பெறுவதைவிட விடுதியில் பெறுவது ஆபத்தானது என்பதை 1871இல் எண்களால் காட்டினார். எடின்பரோவின் ஜேம்ஸ் சிம்ப்ஸன் 1869இல் கை, கால் துண்டிப்பு அறுவைகளின் கணக்கைத் திரட்டினார். வீடுகளில் நடந்த அறுவையில் நூற்றுக்கு 11 பேர் செத்தார்கள். பெரிய மருத்துவமனைகளில் 41 பேர். மருத்துவமனையையே ஒரு நோயின் பெயராக்கி அவர் ஒரு சொல்லையும் உண்டாக்கினார். ஆக, ஊர்ப்பேச்சும் எடின்பரோப் பேராசிரியரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

4

கிருமி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு காட்சி மாறுகிறது. 1880களில் ராபர்ட் காக்கும் அவரைச் சேர்ந்தவர்களும் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள். இதன் லாபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. செம்மல்வைஸால் நம்பவைக்க முடியாததை வளர்ப்புத் தட்டு நம்பவைத்தது. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதை அதுதான் சொல்லும். நவீன மருத்துவம் என்றாலே சதி என்று சொல்லிவிட்டுக் கஷாயத்துக்குத் திரும்புகிற நம்மூர்க் குரல்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தட்டு வந்ததும் பதிவேடு பின்னுக்குப் போயிற்று. சோதனை வார்டை விட்டு நகர்ந்து, நோயாளியின் ரத்தத்திலும் சீழிலும் மூக்குத் துவாரத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது.

பெனிசிலின் வந்து சில வருஷங்களிலேயே, 1948இல், லண்டன் மருத்துவமனை ஒன்றில் எடுத்த ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளில் பாதிக்கு மேல் பெனிசிலினுக்கு அடங்காதவை என்று மேரி பார்பர் கண்டார். இரண்டு வருஷம் முன்பு அது நூற்றுக்கு 14. மருந்தைக் கொட்டிக் கொட்டி, மருத்துவமனையே புதுவகைக் கிருமிக்கு நாற்றங்காலாகியிருந்தது. மெத்திசிலின் என்ற புது மருந்து வந்த சூட்டோடு, 1961இல் பட்ரீஷியா ஜெவன்ஸ் அதற்கும் அடங்காத கிருமியை இங்கிலாந்தில் பதிவு செய்தார். எம்ஆர்எஸ்ஏ என்று உலகம் அழைப்பது இதையே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இறப்புச் சான்றிதழில் இந்தப் பெயர் இடம்பெற்றது 1993இல் 51 முறை. 2006இல் 1,652 முறை. எழுதும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு பங்கு. ஆனாலும் வீட்டுக்கு வீடு அச்சம் பரவியது. 'மருத்துவமனையில் எனக்கு என்ன ஒட்டிக்கொண்டது? சோதித்துச் சொல்லுங்கள்' என்ற கோரிக்கை இந்த அச்சத்திலிருந்துதான் அரசியல் பலம் பெற்றது.

அரசு இரண்டு விதமாகப் பதில் சொன்னது. முதலாவது, 2001இலிருந்து ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகமும் தன்னிடத்தில் எத்தனை பேருக்கு ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ வந்தது என்று கட்டாயமாகக் கணக்குக் கொடுக்க வேண்டும். கணக்கு பெயரோடு வெளியாகும். 2008க்குள் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டுமென்று 2004இல் இலக்கும் வைத்தார்கள். கை கழுவும் இயக்கமும் அதே ஆண்டு தொடங்கியது. இரண்டாவது, திட்டமிட்ட சிகிச்சைக்கு வருகிற எல்லா நோயாளிகளையும் 2009இலிருந்தும், அவசரமாக வருகிறவர்களையும் 2010 முடிவிலிருந்தும், மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதிப்பது. இங்கே கவனிக்க வேண்டியது காலவரிசை. பாதியாக்கும் இலக்கு 2008லேயே எட்டப்பட்டது. எல்லோர் மூக்கிலும் குச்சி விடுவது அதற்கப்புறம்தான் வந்தது. 2014இல் அந்தச் சோதனையை ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் என்று அரசே சுருக்கிக்கொண்டது. பல நடவடிக்கைகள் ஒன்றாக நடந்ததால் எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் நிறுவனத்தின் கணக்கு ஊரறிய வெளியானபோது இறக்கம் தொடங்கிவிட்டது என்பதை மறுக்க முடியாது. நெதர்லாந்தில் இன்னொரு வழி: அங்கு ஆபத்துள்ள நோயாளிகளை மட்டுமல்ல, அவர்களைத் தொட்டுப் பணிசெய்த மருத்துவர், நர்ஸ் மூக்கிலும் குச்சி விடுகிறார்கள். எம்ஆர்எஸ்ஏ மிகக் குறைவாக உள்ள நாடுகளில் நெதர்லாந்து ஒன்று.

5

சோதனையின் திசையை மாற்றுவதில் பணத்தின் பங்கை அமெரிக்காவில் பார்க்கலாம். முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர், மருத்துவமனையிலேயே உண்டான சில பாதிப்புகளுக்கு இனிமேல் கூடுதல் பணம் தரமாட்டோம் என்று 2008 அக்டோபரில் விதி கொண்டுவந்தது. சிறுநீர்க் குழாயால் வரும் தொற்று, ரத்தக்குழாயில் செருகும் குழாயால் வரும் தொற்று ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல விதிதான். ஆனால் இதற்கு ஓராண்டு முன்பிருந்தே ஒவ்வொரு நோய்க்கும் எதிரே 'சேரும்போதே இருந்ததா' என்று குறிக்க வேண்டும் என்றாகியிருந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். சேரும் நாளிலேயே எல்லாவற்றையும் சோதித்து, கிருமி இருந்தது என்று ஒரு தாள் வாங்கி வைத்துக்கொண்டால், பிற்பாடு வரும் எதுவும் நிறுவனத்தின் தலையில் விழாது. நோயாளியைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கப்பட்ட சோதனை, நிறுவனத்தைக் காப்பாற்றும் முன்ஜாமீனாக மாறுவதற்கு வழி பிறந்துவிடுகிறது. சோதனை அதே சோதனைதான். தட்டும் அதே தட்டுதான். எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிவிட்டன.

இதை அமெரிக்காவின் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. சில வருஷங்களுக்கு முன் என் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து ஒரு தனியார் மருத்துவமனையில் கிடந்தார். எட்டாம் நாள் குளிர்ஜுரம். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பில்லில் 'கல்ச்சர்' என்று மூன்று இடத்தில் இருந்தது. அண்ணன் கேட்டார்: 'ஏங்க, வரும்போது எலும்புதானே உடைஞ்சிருந்துச்சு, கிருமி எங்கேருந்து வந்துச்சு?' பதில்: 'பேஷண்டுக்கு வயசாயிருச்சு சார், சுகர் வேற இருக்கு.' சோதனைத் தாளில் கிருமியின் பெயர் இருந்தது, அதை அடக்கும் மருந்தின் பெயர் இருந்தது, விலையும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. 'தொற்று ஏற்பட்டது' என்பது எழுவாயில் கிருமியை மட்டும் நிறுத்திவிட்டு, கைமாற்றியவரை ஒளித்துக்கொள்ளும் வாக்கியம். மருத்துவமனைகளின் உரைநடை முழுக்க இந்த வாக்கிய அமைப்பில்தான் எழுதப்படுகிறது.

6

இப்போது வியன்னாவின் வெளிநாட்டு மாணவர்களுக்கு வருவோம். 2008இல், தில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம், கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபீனம் மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் காரணமான நொதிக்கு 2009இல் புதுதில்லியின் பெயரையே வைத்தார்கள்: என்டிஎம்-1. 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரை சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா-பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று கிருமி மாதிரிகளின் கணக்கைக் கொடுத்தது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி.

அப்புறம் நடந்தது பெயர்ச் சண்டை. சிகிச்சைக்காக இந்தியா போகிறவர்கள் யோசிக்க வேண்டும் என்று அங்கே பேச்சு. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்று இங்கே கூச்சல். தலைநகரின் பெயரை வைத்தது தவறு என்று லான்செட் ஆசிரியர் 2011 ஜனவரியில் வருத்தம் தெரிவித்தார். காலனியத்தின் பெயரிடும் அதிகாரத்தைப் பற்றி நாமும் பக்கம் பக்கமாக எழுதலாம், எழுத வேண்டியதும்தான். அழுக்கை அந்நியனிடம் தேடும் வியன்னாவின் பழக்கம் அதில் இல்லாமலில்லை. ஆனால் அந்தச் சண்டையின் சத்தத்தில் ஒன்று அமுங்கிப்போயிற்று. லான்செட்டுக்குச் சில மாதம் முன்பே, 2010 மார்ச்சில், இந்திய மருத்துவர் சங்க இதழ் ஒன்றில் மும்பை மருத்துவர்கள் இதையே எழுதியிருந்தார்கள். ஒரே மருத்துவமனையில் கார்பபீனத்துக்கு அடங்காத 24 கிருமிகளில் 22, இந்த நொதி கொண்டவை. அதே இதழில் சென்னை மருத்துவர் அப்துல் கஃபூர் நோய்க்கிருமிக்கொல்லிகளுக்கு இரங்கலுரையே எழுதியிருந்தார். அப்போது நாடாளுமன்றம் கொதிக்கவில்லை. வெள்ளைக்காரன் எண்ணிச் சொன்னபோதுதான் தேசத்துக்கு மானம் போயிற்று. சென்னையின் அந்த 44 மாதிரிகளும் யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து எடுத்தவை. அந்த உடம்புகள் பிழைத்தனவா என்று தேசம் கேட்கவில்லை.

2011இல் தில்லியின் தெருநீரிலும் குடிநீரிலும் தேடினார்கள். தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய் நீர் மாதிரிகள் 50இல் 2இலும் அந்த நொதிக்கான மரபணு இருந்தது. 48 மணி நேரக் கோடு இங்கே அழிந்துபோகிறது. கிருமி வார்டிலிருந்து சாக்கடைக்கும் சாக்கடையிலிருந்து குடத்துக்கும் குடத்திலிருந்து திரும்ப வார்டுக்கும் போய்வருகிறது. இந்தச் சூழலில் 'நோயாளி கொண்டு வந்தது' என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? நகராட்சியின் பைப்பிலிருந்து குடித்ததற்கு அவரா பொறுப்பு? வேறொரு பக்கம், 2013 முடிவில் இங்கிலாந்தில், கடந்த ஓராண்டுக்குள் வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்தவர்களைச் சேரும்போதே சோதிக்க வழிகாட்டுதல் வந்தது. இக்கிருமி பரவியிருந்த இங்கிலாந்து மருத்துவமனைகளில் படுத்தவர்களுக்கும் அதே விதி என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் செய்தித்தாள்களில் மிஞ்சியது முதல் பாதி மட்டும்.

7

2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014இல் சில வீரிய மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி வந்தது. 2017இல் தேசியச் செயல்திட்டம் வந்தது. இவற்றை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் இவை எல்லாவற்றிலும் மருந்தும் கிருமியும் இருக்கிற அளவுக்கு, படுக்கையில் கிடப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஸ்கேனுக்கு எவ்வளவு, ஏசி அறைக்கு எவ்வளவு என்று பலகை தொங்குகிறது. 'போன மாதம் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இத்தனை பேருக்குப் புதுத் தொற்று வந்தது' என்று எழுதிய பலகையை நான் எங்கும் பார்த்ததில்லை. கணக்குப் போடும் முறை ஒன்றும் ரகசியமில்லை. நோயாளிகளின் உடம்பில் குழாய் இருந்த நாட்களை எல்லாம் கூட்டி, ஒவ்வொரு 1,000 நாளுக்கும் எத்தனை தொற்று என்று எண்ணுவது உலகெங்கும் உள்ள வழக்கம். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு வைத்திருக்கிற மருத்துவமனைகள் இதை எண்ணுகின்றன. எண்ணியது கோப்புக்குள் இருக்கிறது.

ஆகவே சோதனை வேண்டும் என்ற கோரிக்கையோடு நான் நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவருக்கும் கல்ச்சர் சோதனை காலத்தோடு, காசில்லாமல் கிடைக்க வேண்டும். அந்த முடிவு அவர் கையிலும் இருக்க வேண்டும். எல்லா நோயாளிகளின் முடிவுகளையும் கூட்டிய கணக்கு மருத்துவமனையின் பெயரோடு வாசலில் தொங்க வேண்டும். முதலிரண்டும் மருத்துவம். மூன்றாவது இல்லாமல் அவை முன்ஜாமீனாகத்தான் முடியும். பெரிய ஆஸ்பத்திரிகள், கடுமையான நோயாளிகள் எங்களிடம்தான் வருகிறார்கள், எண்ணை மட்டும் பார்த்தால் நாங்கள் மோசமாகத் தெரிவோம் என்பார்கள். அது நியாயமான வாதமே. அதையும் பலகையிலேயே எழுதட்டும். வாசிக்கிறவர்கள் முட்டாள்கள் அல்ல. வியன்னாவின் ஏழைப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்ததா என்று நமக்குத் தெரியாது. எந்தக் கிழமை எந்தப் பிரிவு ஆள் எடுக்கும், எதில் பெற்றால் உயிரோடு திரும்பலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதிவேடு மட்டும்தான் அவர்கள் கைக்கு வரவில்லை.